தீட்டு எலும்பில் இல்லை

'பொலினீசியப் பாணி' என்று இணையத்தில் விற்கிற தூண்டில்முள் வடிவப் பதக்கத்தை இப்போது பல தோழர்களின் கழுத்தில் பார்க்கிறேன். தாங்களே செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. அது எதனால் ஆனது, யாருடையது என்பதை மறைத்து விற்பதில்தான் மறுப்பு.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அதை 'ஹெய் மட்டாவ்' என்கிறார்கள். முன்பு திமிங்கல எலும்பில் செய்தார்கள். இன்று பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பில். வேகவைத்துக் கொழுப்பை எடுத்து, உலர்த்தி, அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு மெருகேற்ற வேண்டும். அணிபவரின் உடலெண்ணெய் ஏறி, எலும்பு மெல்லத் தேன் நிறமாகும். பெரியவர்கள் அணிந்த பதக்கம் அவர்களின் மதிப்பையும் சுமந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அவர்கள் மொழியில் 'இவி' என்றால் எலும்பு. இனக்குழுவுக்கும் அதே சொல்தான்.

அது ஒன்றும் சமத்துவச் சமூகமாக இருக்கவில்லை. தலைவர்களும் போர் அடிமைகளும் இருந்தார்கள். எதிரியின் எலும்பில் தூண்டில்முள் செய்து அவமதித்ததும் உண்டு. பிணத்தைத் தொட்டவருக்குத் 'தபு' என்ற விலக்கும் இருந்தது. ஆனால் சடங்கு முடிந்தால் அது நீங்கிவிடும். பிள்ளைக்கும் பேரனுக்கும் போகாது.

இங்கே அது பிறப்போடு ஒட்டிக்கொள்கிறது. 2016இல் குஜராத்தின் உனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதே மாட்டின் எலும்பு 'பழங்குடி அழகு' என்ற பெயரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தால் மட்டும் யாருக்கும் தீட்டுப் படுவதில்லை. பொருளை எடுத்துக்கொண்டு, அதைத் தொட்டு வேலை செய்தவரை வெளியே நிறுத்துவது நமக்குத் தெரியாத வித்தையா என்ன!

மாவோரிகளும் இதைச் சும்மா விடவில்லை. தங்கள் அறிவின் மீதும் கலைவடிவங்களின் மீதும் உரிமை கோரி 1991இல் வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அறிக்கை வந்தது 2011இல். இருபது ஆண்டுகள்!

ஆகவே செய்து விற்கும் தோழர்களே, 'பொலினீசியப் பாணி' என்று பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள். மாவோரி வடிவத்தைப் பார்த்து இங்கே செய்தது என்று எழுதுங்கள். மூதாதையரைக் குறிக்கும் 'ஹெய் டிக்கி' உருவத்தை விட்டுவிடுங்கள். விலை அட்டையில் 'மாட்டெலும்பு' என்று பெரிதாகவே போடுங்கள். வாங்க வந்தவர் முகம் சுளித்தால் ஏன் என்று கேளுங்கள்.