பெயர் தெரியாமல் கத்தி வைக்காதே!



நெய்க்காரப்பட்டியில், வெல்ல மண்டிப் பக்கம் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து, சோடாவைக் குடித்துவிட்டு, பழனி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று துண்டை உதறித் தோளில் போட்ட நேரம். மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"அண்ணா, கிரகணத்தைப் பத்திச் சிரிக்கச் சிரிக்கப் பேசினீங்க. கைதட்டுனவங்கள்ல நானும் ஒருத்தனுங்க. ஆனா இந்தப் புள்ளை கன்னத்தைப் பாருங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

பார்த்தேன். இடது கன்னத்தில், உதட்டோரம் வரை, நாவற்பழத்தை நசுக்கித் தோலுக்கடியில் வைத்தாற்போல் ஒரு நீல வீக்கம். அதன் மேல் வட்டமாக இரண்டு தழும்புகள், சூடு போட்டவை. அதற்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. எவரோ கத்தி வைத்தது.

கதை இதுதான். 2019 டிசம்பர் 26. சூரியன் வளையமாகத் தெரிந்த நாள். அன்று காலை இந்தக் குழந்தையின் தாய், நான்கு மாதக் கர்ப்பிணி, கரும்புக் காட்டில் சோகை உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அடைந்துகிடந்தால் கூலி கதவைத் தட்டிக்கொண்டு வருமா? குழந்தை பிறந்தது, கன்னத்தில் நீலம் தெரிந்தது, ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. "கிரகணத்திலே வெளியே போனாளே, அதுதான்!" தாய் குற்றவாளி, சூரியன் சாட்சி, பக்கத்து வீட்டுப் பாட்டி நீதிபதி! மேல்முறையீடே இல்லாத வழக்கு! பிறகு பச்சிலை வந்தது. பச்சிலைக்குப் பிறகு சூடு வந்தது. சூட்டுக்குப் பிறகு, "சாதாரணக் கட்டிதான், கீறி எடுத்துவிடலாம்" என்று ஒருவர் வந்தார். கீறினார். இரத்தம் நிற்கவில்லை. துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடிப் பிழைக்கவைத்தார்கள். ஓராண்டு கழிந்தது, வீக்கம் முன்னைவிடப் பெரிதாக அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தோழர்களே, உள்ளதைச் சொல்கிறேன். கிரகணத்தைக் கேலி செய்ய எனக்குத் தெரிந்தது; கன்னத்து வீக்கத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "இது இல்லை" என்று சொல்பவன், "இதுதான்" என்று சொல்லவும் கடமைப்பட்டவன் அல்லவா? மறுப்பதோடு நின்றால் அது பாதிப் பகுத்தறிவு. மீதிப் பாதியைத் தேடி மருத்துவர்களிடம் போனேன், கேட்டேன், படித்தேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கிரகண வழக்கை முடித்துவிடுவோம். அன்று அந்த வளையம் தெரிந்தது ஒரு காட்டில் மட்டுமா? கோவை, திண்டுக்கல், திருச்சி என்று தமிழ்நாட்டின் குறுக்கே அந்த நிழல் ஓடிற்று. அந்தப் பாதையில் எத்தனை ஆயிரம் கர்ப்பிணிகள்! பஞ்சாலையில் நின்றவர்கள், சித்தாள் வேலைக்குப் போனவர்கள், ஆட்டை ஓட்டிப் போனவர்கள்! கிரகணம்தான் காரணம் என்றால் அத்தனை பிள்ளைகளின் கன்னத்திலும் நீலம் இருக்கவேண்டாமா? கிரகணமே காணாத ஆண்டுகளில், காணாத நாடுகளில் இதே குறையோடு குழந்தைகள் பிறக்கின்றனவே, அவற்றின் தாய்மார் எந்தக் கிரகணத்தில் வெளியே போனார்கள்?

அப்படியானால் காரணம் என்ன? கரு வயிற்றில் உருவாகும்போது, இரத்தக் குழாய்களைக் கட்டும் உயிரணுக்களில் ஒன்றில், மரபணு எழுத்து ஒன்று தவறிப் போகிறது. அந்த ஒன்று பலவாகப் பெருகி, அந்த இடத்துக் குழாய்களை மட்டும் கோணலாகக் கட்டிவிடுகிறது. சிரைகளில் வரும் கோளாறுக்கு இப்படி ஒரு மரபணுப் பிழை உண்டென்று 2009இல் காட்டினார்கள். முகத்தில் செந்நீலப் படலமாக வரும் குறிக்குக் காரணமான பிழையை 2013இல் கண்டுபிடித்தார்கள். சில அரிய வகைகள் குடும்பத்தில் தொடர்வதுண்டு. பெரும்பாலானவை அப்படி வருவதில்லை. தாய் தின்றதாலும் வரவில்லை, நடந்ததாலும் வரவில்லை, நிலாவைப் பார்த்ததாலும் வரவில்லை. தாய் நிரபராதி! இதை ஊருக்கு ஊர் உரக்கச் சொல்லவேண்டும்.

இனி, பெயர். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இந்த நோயில் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. நெடுங்காலம் உலகமே இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தது. சிவப்பாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் ஒரே பெயர், 'ஹீமாஞ்சியோமா'. 1982இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் முல்லிகன், குளோவாக்கி என்ற இருவர் அந்த மூட்டையைப் பிரித்தார்கள். இது ஒன்றல்ல, இரண்டு என்றார்கள்.

ஒன்று, வளர்ந்து வடியும் கட்டி. பிறந்த சில வாரங்களில் சிவந்து தோன்றும். முதல் சில மாதங்களில் மளமளவென்று பெருக்கும். ஓராண்டுக்குப் பின் மெல்ல மெல்லச் சுருங்கத் தொடங்கும். இதுதான் உண்மையான ஹீமாஞ்சியோமா. மற்றொன்று, பிறவிக் குழாய்க் கோளாறு. பிறக்கும்போதே உள்ளே இருக்கும், சில வேளை பின்னால்தான் கண்ணுக்குத் தெரியும். தானாகச் சுருங்காது, பிள்ளையோடு சேர்ந்து வளரும், பருவமடையும்போதும், கர்ப்பகாலத்திலும், அடிபட்டாலும் பெருக்கும்.

வேறுபாட்டின் விலையைப் பாருங்கள். முதல் வகைக்கு இன்று ஒரு மருந்து உண்டு. புரோப்ரனோலால் என்ற பழைய இரத்தக் கொதிப்பு மருந்து. 2008இல் பிரான்சின் போர்தோ நகரத்தில், இதயத்துக்காக அதைக் கொடுத்த குழந்தையின் முகத்துக் கட்டி வாடுவதை மருத்துவர்கள் கண்டு உலகுக்கு அறிவித்தார்கள். மலிவான மருந்துதான்; ஆனால் குழந்தையின் நாடித்துடிப்பையும் இரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது, ஆகவே மருத்துவர் கண்காணிப்பில்தான் தரவேண்டும். அதே மருந்தை இரண்டாம் வகைக்குக் கொடுத்தால்? வீண்! முதல் வகைக்காரரிடம் "பொறுத்திருங்கள், வடியும்" என்று சொல்வது பல வேளைகளில் நல்ல ஆலோசனை. இரண்டாம் வகைக்காரரிடம் அதையே சொன்னால்? துரோகம்!

இந்த இரண்டாம் வகை எப்படிப்பட்டது? கரும்புக்கு நீர் பாய்ச்சும் தோழனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இதயம் அணை. தமனி வாய்க்கால். வாய்க்கால் நீர் சிறு சிறு பாத்திகளில் பரவிப் பயிரை நனைக்கிறது. அந்தப் பாத்திகள்தான் தந்துகிகள். மிஞ்சிய நீரைத் திரும்பக் கொண்டுபோகும் வடிகால், சிரை. வடிகால் கட்டுக்குலைந்து அகன்று குட்டையாகத் தேங்கினால் அது சிரைக் கோளாறு. நீல நிறம், தொட்டால் மெத்து, குனிந்தால், அழுதால் புடைக்கும், உள்ளே தேங்கிய இரத்தம் உறைந்து கல்லாகி எக்ஸ்ரேயில்கூடத் தெரியும். நம் குழந்தையின் கன்னத்தில் இருந்தது இதுதான்.

வாய்க்கால் உடைத்துக்கொண்டு, பாத்திக்குப் போகாமல், நேரே வடிகாலில் பாய்ந்தால்? பயிர் காயும், வடிகால் கரை பிளக்கும்! அது தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட கோளாறு. கை வைத்தால் சூடு, உள்ளே துடிப்பு, காது வைத்தால் இரைச்சல். இதில் பெரிய தமனியை மேலே கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது, உடைப்பை அடைக்காமல் மேல்மடையை மூடுவது போல. தண்ணீர் வேறு பத்து வழி தேடி அதே உடைப்புக்கு வந்து சேரும். அடைக்கவேண்டியது உடைப்பை!

ஆகவே முதல் வேலை, நீர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. அதற்குத்தான் டாப்ளர் ஸ்கேன். கத்தி இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை. ஓட்டம் வேகமா மெதுவா என்று காட்டிவிடும். எவ்வளவு ஆழம், எந்தத் தசை வரை என்று காட்ட எம்.ஆர்.ஐ. வேகமான ஓட்டம் என்றால், சிகிச்சைக்குத் திட்டமிடும்போது ஆஞ்சியோகிராம்.

சிகிச்சை, பெயருக்குத் தக்கபடி. தேங்கிய குட்டைக்கு, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் மருந்து செலுத்திக் குழாயைச் சுருங்கவைப்பார்கள். ஒரு முறை போதாது, பல முறை. உடைப்புக்கு, தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து, உடைப்பு வரை போய், உள்ளிருந்தே அடைப்பார்கள். தேவையானால் அதன்பின் அறுவை. செந்நீலப் படலத்துக்கு லேசர். மங்கும், முழுக்க மறையும் என்று உறுதி சொல்ல முடியாது. நிணநீர்க் குழாய்க் கோளாறுக்கும் சிக்கலான சில வகைகளுக்கும் சிரோலிமஸ் என்ற மாத்திரை. 1964இல் ஈஸ்டர் தீவின் மண்ணை அள்ளிப் போனார்கள்; அதிலிருந்த நுண்ணுயிர் தந்த மருந்து இது. கண்டெடுத்த குழுவை நடத்தியவர் பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல். கனடாவில் அவருடைய ஆய்வுக்கூடத்தை மூடியபோது, அதை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார் அந்த மனிதர். மண்ணில் கிடந்ததை மருந்தாக்கியது மந்திரமல்ல, மனித முயற்சி!

இது கன்னத்து அழகைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. நெற்றியிலும் மேல் இமையிலும் செந்நீலப் படலம் இருந்தால், அதே கோளாறு மூளை உறையிலும் கண்ணிலும் இருக்கக்கூடும். வலிப்பு வரும், கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போகும். அந்தக் குழந்தைக்குக் கண் மருத்துவரும் வேண்டும், நரம்பியல் மருத்துவரும் வேண்டும். மூளைக்குள்ளேயே உடைப்பு இருந்தால், வெளியே ஒரு குறியும் தெரியாது. நல்ல இளைஞன், திடீரென்று வலிப்பு, "பேய் பிடித்தது" என்று வேப்பிலையோடு வருவார்கள். மூளையில் இந்தக் கோளாறு உள்ள 100 பேரில் ஆண்டுதோறும் 2 முதல் 4 பேருக்கு இரத்தம் கசிகிறது. வேப்பிலை அடைக்குமா அந்த உடைப்பை?

"சோவியத் நாட்டை ஆண்ட கோர்பசேவ் நெற்றியில் அந்தக் குறியோடுதானே உலகை வலம் வந்தார்?" என்று கேட்கலாம். உண்மை. குறி இருப்பது குற்றமல்ல, குறையல்ல. மறைத்துக்கொண்டு வாழவேண்டியதுமில்லை. ஆனால் இரத்தம் கசிகிற, வலிக்கிற, மூச்சை அடைக்கிற வீக்கத்தோடு ஏழைப் பிள்ளை வாழவேண்டும் என்பதற்கு அது வாதமாகாது.

நம்மிடம் ஆற்றல் இல்லையா? 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய மண் இது. இரத்தக் குழாய் அறுவைக்கென்றே சென்னை மருத்துவக் கல்லூரியில் தனி நிலையம் இருக்கிறது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, கற்றவர் இருக்கிறார்கள். இல்லாதது இணைப்பு.

ஆகவே கேட்கிறோம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் குழு பல நிலைகளைத் தேடுகிறது. பிறவிக் குறைகள் அதில் 9. பிளவுபட்ட உதடு இருக்கிறது, வளைந்த பாதம் இருக்கிறது. குழாய்க் கோளாறுக்கு ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைச் சேருங்கள்! "பிறந்தபோதே இருந்ததா? வளர்கிறதா, வடிகிறதா?" என்ற இரண்டு கேள்விகளைக் கிராமச் செவிலியர் கையில் கொடுங்கள்! பெரிய அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள், குழந்தை மருத்துவரும், தோல் மருத்துவரும், குழாய் அறுவை மருத்துவரும், ஸ்கேன் மருத்துவரும் ஒரே அறையில் உட்காருங்கள்! கூலிக்காரன் நாலு கதவைத் தட்ட நாலு நாள் கூலியை இழக்கவேண்டுமா?

தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், சூடு போட விடாதீர்கள்; ஸ்கேன் பார்க்காமல் கீற விடாதீர்கள். மாதம் ஒரு படம் கைபேசியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; அது மருத்துவருக்குப் பெரிய சாட்சி. கழுத்திலோ நாக்கிலோ வீக்கம், நிற்காத இரத்தம், வலிப்பு என்றால் உடனே 108. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு கூடவே போங்கள். எந்தச் சிகிச்சைக்கு இடமுண்டு என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். பாட்டி வேண்டுதல் வைப்பேன் என்றால் சண்டை போடாதீர்கள். பழனிக்குப் போகிற அதே பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்கும் போகலாம் என்று அன்போடு சொல்லுங்கள்.

அந்தக் குழந்தையோடு நானும் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், பெயர் சொன்னார்கள், ஊசி மருந்து தொடங்கினார்கள். மூன்று முறை ஆகியிருக்கிறது. வீக்கம் பாதியாக வடிந்திருக்கிறது. மீண்டும் வரலாம், வந்தால் மீண்டும் ஊசி போடலாம் என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார் மருத்துவர். முதல் நாள், எல்லாம் கேட்டு முடித்தபின், தாய் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர் அம்மா, நான் அன்னைக்கு வெளியே போனதாலயாங்க இது?"

"இல்லம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அத்தனை ஆண்டுகளாக அழாத அந்தத் தாய் அன்று அழுதார். பிள்ளையின் கன்னத்துக்கு ஊசி ஏறும் முன்பே, தாயின் நெஞ்சிலிருந்த சூட்டுத் தழும்புக்கு மருந்து கிடைத்துவிட்டது. ஒரு சொல்! உண்மையான ஒரு சொல்! அந்தச் சொல்லை நெய்க்காரப்பட்டியின் ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுபோக உன்னால் முடியாதா, தோழனே?