வண்டி நிற்கிறது, ஓட்டுநர் எங்கே?



ஆம்புலன்ஸ் அர்ப்பணிப்பு விழா என்றால் நம் ஊர்களில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. புத்தம் புதிய வெள்ளை வண்டி, மேலே சுழலும் விளக்கு, பக்கவாட்டில் நன்கொடையாளர் பெயர், சாவி கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர், புகைப்படத்தில் நிற்க ஐம்பது பேர்! நாமும் அந்த மேடைகளில் நின்றவர்கள்தாம். ஆகவே கேலி செய்யும் தகுதி நமக்கில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து அந்த வண்டிக்கு டீசல் போடுவது யார், இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுப்பது யார் என்று அந்த மேடையில் எவரும் கேட்பதில்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் நாடே ஆம்புலன்சுக்குத் தவித்துக் கொண்டிருந்தது. அப்போது பீகாரின் சாரண் மாவட்டத்தில், எம்.பி. தொகுதி நிதியில் வாங்கிய ஆம்புலன்சுகள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த காட்சி வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? ஓட்டுநர் இல்லை! வண்டி வாங்க நிதி இருந்தது. அதை ஓட்ட ஏற்பாடு இல்லை.

பீகாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம் தேனி மாவட்டத்துக்கு வாருங்கள். 108 வருவதற்கு முன்பே அங்கே ஓர் அவசர ஆம்புலன்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. பிரசவ வலியில் துடிக்கும் கிராமத்துத் தாய்மார்கள் வழியிலேயே இறந்து போவதைத் தடுப்பதுதான் நோக்கம். மிக நல்ல நோக்கம். சேவா நிலையம் என்ற தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அரசு தந்தது வண்டிகள் மட்டுமே. ஓட்டுநரை நியமிப்பது, பயிற்சி தருவது, வண்டியைப் பராமரிப்பது, மருந்து வாங்குவது, தொலைபேசி எண்ணைக் கிராமம் கிராமமாகப் போய் அறிவிப்பது எல்லாமே நிறுவனத்தின் தலையில்! நோயாளிகளிடம் வாங்கும் கட்டணத்தில் திட்டம் தானே நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். எதிர்பார்த்த வசூல் வரவில்லை. எப்படி வரும்? யாருக்காகத் தொடங்கினார்களோ அந்த ஏழைத் தாயிடம் பணமில்லை என்பதுதானே பிரச்சினையே!

2008 செப்டம்பரில் தமிழகத்துக்கு வந்த 108 சேவையில் கணக்கு வேறு மாதிரி. ஐதராபாத்தில் 2005-ல் தொடங்கிய ஈ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் அரசோடு செய்து கொண்ட ஒப்பந்தத்தின்படி வண்டிகளை ஓட்டுகிறது. நோயாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது, ஓடும் செலவு அரசினுடையது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய சத்யம் கம்ப்யூட்டர் அதிபர் 2009 ஜனவரியில் கணக்கு மோசடியில் சிக்கிச் சிறை சென்றார். அப்போதும் வண்டிகள் ஓடின. ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றுக் கொண்டது. செலவுப் பணம் ஒரு முதலாளியின் தர்மத்தை நம்பியிராமல் கருவூலத்திலிருந்து வந்ததால்தான் அது முடிந்தது என்பது நம் கருத்து.

சரி, 108 இருக்கிறதே, பிறகென்ன குறை என்பீர்கள். 108 அவசரத்துக்கு வரும், ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டு சேர்க்கும். பிரசவித்த தாயையும் சிசுவையும் வீட்டில் கொண்டு விட 2011 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. சடலத்தை எடுத்துச் செல்ல 155377 என்ற இலவச ஊர்தி எண் இருக்கிறது. மற்றவர்கள்? இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியை மாடி வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். பக்கவாதம் வந்து படுத்துவிட்டவரை வாரம் மூன்று முறை டயாலிசிசுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். டயாலிசிசுக்கு அரசுக் காப்பீடு இருக்கிறது. போய் வரும் வண்டிக்கு?

கொரோனா காலத்தில், 2021 மே மாதம், தனியார் ஆம்புலன்சுகளுக்குத் தமிழக அரசு உச்சவரம்புக் கட்டணம் நிர்ணயித்தது. ஆக்சிஜன் வசதியில்லாத சாதாரண வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய். அது அன்றைய நெருக்கடிக்கென்று வகுத்த விலை என்றாலும் அதையே வைத்துப் பாருங்கள். மாதம் 13 முறை டயாலிசிஸ், போக வர 26 பயணம், 39,000 ரூபாய்! கூலி வேலை செய்யும் குடும்பம் இதை எங்கே கொண்டு போய்ப் புரட்டும்? இந்த இடைவெளியைத்தான் இன்று நம் ஜமாஅத்துகளும் சமுதாய இயக்கங்களும் மதம் பாராமல் நிரப்பிக் கொண்டிருக்கின்றன. பெருமைக்குரியதுதான். ஆனால் "அவர்களுடைய வண்டிதான் இருக்கிறதே" என்று நகராட்சி நிம்மதியாகத் தூங்க நாமே தலையணை கொடுத்து விட்டோமோ என்ற சந்தேகமும் நமக்கு உண்டு. 1992-ல் நிறைவேறிய 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் பொதுச் சுகாதாரத்தை உள்ளாட்சிகளின் பணிகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கின்றன. வரி வாங்குவது அவர்கள், வண்டி ஓட்டுவது நாமா?

வணிகச் சகோதரர்களே, இங்கேதான் உங்கள் புத்தி தேவைப்படுகிறது. கொள்முதல் சீட்டைப் படிக்காமல் நீங்கள் சரக்கு இறக்குவதில்லை. நகராட்சியின் ஆம்புலன்ஸ் ஒப்பந்தத்தையும் அப்படியே படியுங்கள். "24 மணி நேர சேவை" என்று முதல் வரியில் இருக்கும். வாரத்துக்கு 168 மணி நேரம். தொழிலாளர் சட்டப்படி ஒருவரின் வேலை 48 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு வண்டிக்கு மூன்றரை ஓட்டுநர். விடுப்பையும் காய்ச்சலையும் சேர்த்தால் நான்கு பேர். நோயாளியின் அருகில் உட்கார மருத்துவ உதவியாளர் வேண்டுமென்றால் இன்னும் நான்கு பேர். ஒப்பந்தத் தொகையில் இரண்டே ஓட்டுநருக்குத்தான் சம்பளம் வருகிறதா? அப்படியானால் ஒன்று, இரவில் வண்டி வராது. அல்லது, தூக்கமில்லாத மனிதன் உங்கள் தாயாரை ஏற்றிக் கொண்டு ஓட்டுவான். மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கு டெண்டர் போய்விட்டது என்று மகிழ வேண்டாம். அவர் எதைக் குறைத்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆட்களைத்தான் குறைத்திருப்பார்.

பணம் கொடுக்கும் முறையிலும் சூது உண்டு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றால் ஓடாத பயணமும் பில்லில் ஓடும். மாதத்துக்கு இவ்வளவு என்றால் வண்டி நிழலில் நின்றே சம்பாதிக்கும். நிற்பதற்கு ஒரு தொகை, ஓடுவதற்கு ஒரு தொகை, அழைத்த எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்ற வரையறை, தவறினால் பிடித்தம் என்று நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆக்சிஜனும் அப்படித்தான். 'பி' வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நிரப்பும் செலவு யாருடையது என்று எழுதாத ஒப்பந்தத்தில் சிலிண்டர் காட்சிப் பொருளாகத்தான் இருக்கும்.

நம் அமைப்புகளையே நகராட்சி அழைத்தால்? போகலாம், தவறில்லை. ஆனால் தேனியின் ஒப்பந்தத்தை மறந்துவிட வேண்டாம். "வண்டி எங்களுடையது, மற்றதை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள்" என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். ஓடும் செலவைக் கொடுத்தால் பெற்றுக் கொள்ளுங்கள். பெற்றுக் கொண்டால், பள்ளிவாசல் கணக்கை ஒட்டுவதுபோல் மாதாமாதம் எத்தனை அழைப்பு, எத்தனை பயணம், எவ்வளவு டீசல் என்று வெளியே ஒட்டுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம், 1998 உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது, கட்டணம் பத்தே ரூபாய். உங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ எத்தனை ஆம்புலன்ஸ், அவற்றில் எத்தனை ஓடுகின்றன, ஓட்டுபவர் யார், சென்ற ஆண்டு ஒவ்வொன்றும் எத்தனை நோயாளிகளை ஏற்றியது என்று கேளுங்கள். ஒப்பந்த நகலையும் கேளுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் எழுந்து நின்றே கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதிலின் நகலை நமக்கு அனுப்பி வையுங்கள். ஊர் பெயரோடு வெளியிடுகிறோம். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள், அதையும் வெளியிடுவோம்.