சின்ன அலைக்குப் பெரிய பலகை

நவம்பர் பிறந்தால் கிழக்குக் கரையில் பலர் கடலை விட்டு ஒதுங்கிவிடுவார்கள். தீவுப் படகுகள் குறையும், விடுதிகள் பலவும் கதவைச் சாத்திவிடும். அதே சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து இன்னொரு கூட்டம் கார்க் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு செராத்திங்கை நோக்கிப் புறப்படுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கிளறிவிடும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே சர்ஃபிங் பருவம். அந்தக் கூட்டத்தில் இப்போது நம் பிள்ளைகளையும் பார்க்க முடிகிறது.

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 35, எடை 82 கிலோ, அலுவலக வேலை. போன பருவத்தில் இரண்டு வார இறுதிகள் வாடகைப் பலகையில் பழகி, எழுந்து நிற்கும் வரை வந்துவிட்டார். மனைவிக்கும் 11 வயது மகளுக்கும் ஆசை வந்திருக்கிறது. ஒரு பலகைக்குத்தான் வீட்டில் பணம் ஒதுக்க முடியும். தெரிந்தவர் ஒருவர் 6 அடி நீளத்தில், 30 லிட்டர் கொள்ளளவில், முனை கூரான அழகான பலகையை மலிவாகத் தருகிறாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் இந்தப் பருவத்துக்கு அது வேண்டாம்.

காரணம் அலையில் இருக்கிறது. ஓர் அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் பாதியாகக் குறைந்தால் சக்தி கால் பங்காகிவிடும். அதாவது தோள் உயர அலைக்கும் இடுப்பு உயர அலைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம். அடுத்தது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம். பாலித் தீவுக்கு வரும் அலைகள் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருபவை. 14, 16 விநாடி இடைவெளியில் கனமாக வந்து இறங்கும். நம் கிழக்குக் கரை அலையோ பக்கத்துக் கடலில் அடிக்கும் காற்று எழுப்பியது; இடைவெளி பெரும்பாலும் 10 விநாடிக்குள்தான். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் தள்ளும் பலம் ஒன்றாக இருக்காது. யூடியூபில் பாலியையும் ஹவாயியையும் பார்த்துவிட்டு இங்கே பலகை தேடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

அலை கொடுக்காத வேகத்தை வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு வந்த அலை மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் கரையை நோக்கி ஓடுகிறது. பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்புப் போடும் நம்மால் அதில் பாதி வேகத்தை எட்டினாலே பெரிய காரியம். பெரிய அலை என்றால் அதன் சரிவே நம்மைக் கீழே உருட்டி மீதி வேகத்தைக் கொடுத்துவிடும். சின்ன அலையில் அந்தச் சரிவு இல்லை. நீளமும் அகலமும் உள்ள பலகை தண்ணீரில் அமிழாமல் மேலே மிதந்து வழுக்கிக்கொண்டு போவதால், இந்த இடைவெளியை அதுவே நிரப்பிக் கொடுக்கிறது. குட்டைப் பலகை பாதி மூழ்கிக் கிடக்கும். அலை நம்மைத் தாண்டிப் போய்விடும்.

கொள்ளளவு லிட்டரில் சொல்லப்படுகிறது. பெரும்பாலான புதிய பலகைகளின் அடியிலேயே எழுதியிருக்கும். கற்றுக்கொள்பவருக்கான எளிய கணக்கு இதுதான்: உங்கள் எடை எத்தனை கிலோவோ, கிட்டத்தட்ட அத்தனை லிட்டர், கூடினால் இன்னும் நல்லது. கடையில் கிடைக்கும் 8 அடி நுரைப் பலகைகளில் பல 80 லிட்டரைத் தாண்டும். நம் வாசகருக்குச் சரியான இடம் அது. அவர் கண் வைத்த பலகை, எடைக்கு மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். போட்டிகளில் வாழ்நாளைக் கழிக்கும் தொழில்முறை வீரர்கள் வைத்துக்கொள்ளும் விகிதம் அது. வாரம் ஐந்து நாள் நாற்காலியில் உட்காருகிறவருக்கு அது ஒத்துவராது.

லிட்டர் மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. ஒரே கொள்ளளவில் இரண்டு பலகைகள் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பலகையைச் சமமான தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கும் வாலும் எவ்வளவு மேலே வளைந்திருக்கின்றன? இந்த வளைவை ராக்கர் என்பார்கள். செங்குத்தான அலையில் மூக்கு குத்திக்கொள்ளாமல் காப்பாற்றுவது அதுதான். ஆனால் சப்பையான அலையில் அதே வளைவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். சின்ன அலைக்கு வளைவு குறைந்த, நடுப்பகுதி ஏறக்குறைய தட்டையான பலகைதான் ஓடும். அகலம் 22 அங்குலத்தையொட்டி இருக்கட்டும். வாலும் ஊசியாக ஒடுங்காமல் அகலமாக இருந்தால் பின்பக்கம் அமிழாது.

அடியில் மீன் துடுப்பு போல நிற்கும் ஃபின்களைப் பற்றி ஆளுக்கொரு சித்தாந்தம் வைத்திருப்பார்கள். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரேலியர் மார்க் ரிச்சர்ட்ஸ் ஏறியது இரண்டு ஃபின் பலகையில். 1981-இல் இன்னோர் ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் வைத்த பலகையால் போட்டிகளை வென்று காட்டியதும் உலகமே மூன்றுக்கு மாறியது. ஆனாலும் அலை சப்பையாக இருக்கும் நாளில் இரண்டு ஃபின் பலகையை எடுப்பவர்கள் இன்றும் ஏராளம், இழுவை குறைவு. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் பலகையோடு வந்த ஃபின்னே போதும். அதில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

மனைவி, மகள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முடிவைத் தீர்மானிப்பது அதுதான். 8 அடி நுரைப் பலகையில் 82 கிலோ கணவரும் ஏறலாம், 55 கிலோ மனைவியும் ஏறலாம். மகளுக்கு அது கொஞ்சம் அகலம்தான். இரண்டு கையையும் நீட்டித் துடுப்புப் போடுவது சிரமம். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் அப்பாவோ அம்மாவோ பின்னாலிருந்து தள்ளிவிட்டால் நுரை அலையில் சுகமாகக் கரைவரை வருவாள். தனக்கென்று 6, 7 அடிப் பலகை அவளுக்கு அடுத்த பருவம் பார்த்துக்கொள்ளலாம். 6 அடி ஊசிப் பலகையை வாங்கினாலோ மூவரில் ஒருவர்கூட ஏற முடியாது.

நுரைப் பலகை பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கிறது, கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் இளைஞர்கள் உண்டு. பிடியை விட்ட பலகை தலையில் வந்து மோதும்போது அது நுரையா ஃபைபர் கண்ணாடியா என்பது மிகவும் முக்கியமான விஷயம். மோதுவது உங்கள் தலையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்தில் குளிக்கும் குழந்தையாக இருக்கலாம். காலில் கட்டும் லீஷ் கயிறு பலகையின் நீளமாவது இருக்க வேண்டும். அது அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை நீச்சல் மட்டும்தான். நீந்தத் தெரியாதவர் பலகையை மிதவையாக நம்பி ஆழத்துக்குப் போவது தற்கொலைக்குச் சமம். மலேசிய வானிலை ஆய்வுத் துறை கடல் சீற்ற எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் கரையில் நின்று தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

எழுந்து நிற்பதோடு, அலையின் பச்சைச் சரிவில் பக்கவாட்டில் ஓடவும் திருப்பவும் வந்துவிட்ட ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருக்கும். 75 கிலோக்காரருக்கு 7 அடிக்குக் கொஞ்சம் மேலே, 50 லிட்டர் அளவில் ஒரு நடுத்தரப் பலகை நன்றாக ஓடும். இன்னும் சுறுசுறுப்பு வேண்டுமானால் வால் மீன்வால் போலப் பிளந்த, ஃபிஷ் எனப்படும் குட்டையான அகலப் பலகை. செராத்திங் முனையில் இடப்பக்கமாக நீண்டு உடையும் அலைக்கு 9 அடி லாங்போர்டுதான் என் விருப்பம். அவசரமே இல்லாத அலை, அவசரமே இல்லாத பலகை. நம் பருவம் முடிந்த பிறகு இலங்கையின் அறுகம் குடாவில் பருவம் தொடங்கிவிடும். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் அங்குள்ள சிறிய, மென்மையான அலைகளில் இதே பலகை உதவும்.

பழைய பலகை வாங்குவதில் தப்பில்லை. மார்ச் மாதம், பருவம் முடியும் தறுவாயில், ஆர்வம் வடிந்தவர்கள் விற்க வருவார்கள். பேரம் பேச அதுவே நேரம். நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போனால் நுரையும் மேலோடும் பிரிந்துவிட்டன. குறுக்கே மடிப்புக் கோடு தெரிந்தால் அடுத்த அலையில் இரண்டாக முறியலாம். பழுப்பு நிறக் கறை என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஃபின் பொருந்தும் இடத்தில் விரிசல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

வாங்கியதை நம் வெயிலிடமிருந்து காப்பது அடுத்த வேலை. மூடிய காருக்குள் மத்தியான வெயிலில் விட்ட எப்பாக்சி பலகை அப்பளம்போலக் கொப்பளித்துவிடும். மெழுகும் வெப்பமண்டலக் கடலுக்கானதா என்று பார்த்து வாங்க வேண்டும். குளிர் நாட்டு மெழுகு இங்கே உருகி வழியும். 8 அடி என்பது 2.44 மீட்டர். மைவி காரே 3.9 மீட்டர் நீளம், ஆகவே தாராளமாகக் கொள்ளும். ஃபின் மேலே பார்க்கும்படி பலகையைக் கவிழ்த்து, கூரையில் மெத்தை வைத்துக் கட்டுங்கள். நுரை நசுங்கும் அளவுக்குப் பட்டையை இறுக்க வேண்டாம். தெமர்லோ ஓய்விடத்தில் தேநீருக்கு நிற்கும்போது தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.