கிணற்றுக்கு வந்த மின்சாரம் களத்துக்கும் வரட்டும்

தக்காளி விலை சரியும் நாளில் ஒட்டன்சத்திரம், பாலக்கோடு சந்தைகளுக்குப் போய்ப் பாருங்கள். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுப்படியாகாத விலைக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு விவசாயி ஊர் திரும்புவார். இரண்டு நாள் பொறுத்தால் விலை ஏறக்கூடும். ஆனால் அதுவரை பழம் தாங்காது. இது வாங்குபவருக்கும் தெரியும். பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

எரிசக்தி வறுமை என்றதும் விளக்கில்லாத வீடும் விறகுப் புகை சூழ்ந்த அடுப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. விளைபொருளைக் காக்க வேண்டிய இடத்தில் மின்சாரம் இல்லாததும் அதே வறுமைதான். அறுவடைக்குப் பின், சில்லறைக் கடைக்குப் போகும் முன்பே உலகில் சுமார் 14 சதவீத உணவு இழக்கப்படுவதாக ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2019-ல் மதிப்பிட்டது.

தமிழகத்தில் 1990 முதல் விவசாயிகள் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசம். இன்று 20 லட்சத்துக்கும் அதிகமான பம்புசெட்டுகள் ஓடுகின்றன. இது பெரிய சாதனை. ஆனால் அந்தச் சலுகை தண்ணீர் இறைப்பதோடு நின்றுவிடுகிறது. பறித்த காயைக் குளிர்விக்கவும் தரம் பிரித்து வைக்கவும் தோட்டத்தருகே பெரும்பாலும் எந்த வசதியும் இல்லை.

இதே சிக்கலுக்கு நைஜீரியாவில் ஒரு வழி கண்டார்கள். அங்கே பண்ணை வானொலி நடத்திவந்த ஒருவர் தொடங்கிய 'கோல்ட்ஹப்ஸ்' நிறுவனம், சந்தைகளிலும் பண்ணைகளிலும் சூரிய சக்தியில் இயங்கும் குளிர் அறைகளை நிறுவியது. ஓர் அறையில் சுமார் 3 டன் கொள்ளும். விவசாயி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஒரு பெட்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தால் போதும். இரண்டே நாளில் வாடும் காய்கறியை 21 நாள் வரை வைத்திருக்க முடிகிறது என்கிறது அந்த நிறுவனம்.

நாம் கவனிக்க வேண்டியது இந்த வாடகை முறையைத்தான். ஒரு சிறு விவசாயி தனியாகக் குளிர் அறை கட்டினால் கடன்தான் மிஞ்சும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ கட்டி வாடகைக்கு விடலாம். 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் உட்கட்டமைப்பு நிதியில், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை 7 ஆண்டுகள் வரை உண்டு.

ஆனால் மானியத்தை நம்பி மட்டும் கட்டாதீர்கள். ஆண்டில் எத்தனை மாதம் அறை நிறையும், நாளுக்கு எத்தனை பெட்டி வரும், வண்டி ஏற்றும் இடம் எவ்வளவு தூரம் என்று முதலில் கணக்கிடுங்கள். கள அலுவலர்கள் இந்தக் கணக்கைக் கூட்டத்தில் விவசாயிகளோடு சேர்ந்தே போட வேண்டும். காலியாகக் கிடக்கும் அறைக்கும் தவணை கட்டியாக வேண்டும்.

குளிர் எவ்வளவு என்பதும் முக்கியம். செங்காய்த் தக்காளிக்கு 12 முதல் 13 டிகிரி செல்சியஸ் போதும். அதைவிட மிகவும் குளிர்ந்தால் பின்னர் சீராகப் பழுக்காது. வாழைக்காய்க்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். சின்ன வெங்காயத்துக்கு ஈரம் ஆகாது; அதை இவற்றோடு சேர்த்து அடுக்காதீர்கள். வெயில் ஏறுமுன் பறித்து, நிழலில் வைத்து, பிளாஸ்டிக் பெட்டியில் நிரப்புவது முதல் படி. சூட்டோடு உள்ளே போன காய்க்கு எந்த அறையாலும் பெரிய பயன் இல்லை.

மின்சாரமே இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு. இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, இடையே சுமார் 7.5 செ.மீ. அளவுக்கு மணல் நிரப்பி, அதை நனைத்துவைக்கும் குளிர்க் கூடத்தை டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. வறண்ட கோடையில் இது நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் பலன் குறைவு.

குளிர் அறை விலையை ஏற்றிவிடாது. வரத்து வாரக்கணக்கில் கொட்டும்போது அதுவும் கைகொடுக்காது. அது தருவது சில நாள் அவகாசம் மட்டுமே. ஆனால் அந்த அவகாசம் கையில் இருக்கும் விவசாயிதான் 'இந்த விலைக்குத் தர முடியாது' என்று சொல்ல முடியும். உங்கள் நிறுவனத்தின் அடுத்த கூட்டத்தில், மோட்டாருக்கு அடுத்தபடியாக மின்சாரம் எங்கே தேவை என்ற கேள்வியை எழுப்புங்கள்.