பட்ஜெட்டை மட்டும் சொன்னோம்

பொறியியல் கலந்தாய்வில் இடம் உறுதியானதும் நம் வீடுகளில் வரும் பெரிய செலவுகளில் ஒன்று மடிக்கணினி. சென்னை ரிச்சி தெருவானாலும் மாவட்டத் தலைநகரின் ஷோரூமானாலும் குடும்பமாகப் போய் நிற்கிறோம். "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்று கேட்கிறார் விற்பனையாளர். "நாப்பதுக்குள்ள காட்டுங்க தம்பி" என்கிறோம். பிள்ளை எடுத்திருப்பது சிவிலா, மெக்கானிக்கலா என்பதுகூடப் பேச்சில் வருவதில்லை. பட்டுப்புடவை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி, முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நாம், பிள்ளை நான்கு வருடம் உழைக்கப்போகும் பொருளை அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வருகிறோம்.

விளைவைப் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள். சிவில் மாணவிக்கு ரெவிட் என்ற மென்பொருள் வேண்டும். அதன் அண்மைப் பதிப்புகள் குறைந்தது 16 ஜிபி ராம் கேட்கின்றன. நாம் வாங்கித் தருவது 8 ஜிபி. ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, கூடுதல் ஸ்லாட்டும் இல்லாத மாடலென்றால் பின்னால் கூட்டவும் வழியில்லை. மெக்கானிக்கல் மாணவனுக்கு சாலிட்வொர்க்ஸ் வேண்டும். அது விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். பெருமைக்காகக் கடன்பட்டு மேக்புக் எடுத்துக் கொடுத்தால் அவன் லேப் கணினிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். நிரல் எழுதப் பழகும் முதலாண்டு மாணவனுக்கோ எளிய கணினியே போதும். அவன் அப்பாவிடம் "இன்னும் பத்தாயிரம் போட்டா கிராபிக்ஸ் கார்டோட வந்துடும் சார்" என்கிறார்கள். அவரும் போடுகிறார்.

"ஐ5" என்ற ஸ்டிக்கரை நாம் நம்பியதைப் போல வேறெதையும் நம்பவில்லை. ஐ5 என்பது ஒரு சிப்பின் பெயர் அல்ல, ஒரு வரிசையின் பெயர். 2009 முதல் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. பின்னால் வரும் எண்தான் எந்தத் தலைமுறை என்று சொல்லும். பழையதைச் சீர்செய்து விற்கும் கடைகளில் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 மலிவாகக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு வகுத்த தகுதிப் பட்டியல் இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இந்த இரண்டு தகவலும் கணினித் துறையில் வேலை பார்க்கும் நம்மில் பல்லாயிரம் பேருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பும்போது நாம் சொல்லவில்லை.

விலையைக் கேட்டோமே தவிர, அதன் கணக்கையும் பார்க்கவில்லை. 39,990 ரூபாயை முப்பத்தொன்பதாயிரம் என்றே வீட்டில் சொன்னோம். வட்டியே இல்லாத தவணை என்றதும் கையெழுத்துப் போட்டோம். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணங்களில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளை எச்சரித்தது. செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டிருந்தால் வேறுபாடு அங்கேயே தெரிந்திருக்கும்.

விலையே இல்லாமல் கிடைத்தபோதும் இப்படித்தான் இருந்தோம். 2011-இல் தொடங்கிய அரசின் மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. தமிழிலேயே இயங்கும் வசதி கொண்டது. அதைத் திறந்து பார் என்று எத்தனை வீடுகளில் பிள்ளைகளிடம் சொன்னோம்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய கடைகளில் நம்மிடம் பேசுபவர் பல நேரம் அந்தக் கடையின் ஊழியரே அல்லர். ஒரு பிராண்டுக்காரர்கள் நிறுத்தியிருக்கும் புரமோட்டர். அவருக்கு மாத டார்கெட் உண்டு, விற்பனையைப் பொறுத்து இன்சென்டிவ் உண்டு. அவர் தன் பிராண்டைக் காட்டுவதில் வஞ்சகம் எதுவுமில்லை, அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். ஆலோசகராக அவரை ஆக்கியது நாம். பிறகு ஏமாந்ததாகத் தோன்றும்போது திட்டுவதும் அவரைத்தான். அவர் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே பேசுகிறார் என்பதையும் நாம் பார்க்கவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்கு முன் எத்தனை வருடம் அவர்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து விலை பேசினோம்!

நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ள மாநிலம் இது. கடைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது ஒரு பக்கத்துக்கு மேல் வராது. கல்லூரி முதல்வர்களே, துறைத் தலைவர்களே, இந்த ஆண்டு சேர்க்கைக் கடிதத்தோடு அந்த ஒரு பக்கத்தையும் வையுங்கள். உங்கள் துறைக்கு எந்த மென்பொருள், அதற்கு எவ்வளவு ராம், எது வேண்டவே வேண்டாம் என்று தமிழில் எழுதுங்கள். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களே, உங்கள் ஊரிலிருந்து ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தால் கடைக்குக் கூடப் போங்கள்.