மேஜரின் ஆங்கிலம்

ஹற்றனில் மழை விடாது பெய்த ஒரு மாலைப்பொழுதில், என்னிடம் பாடங் கேட்க வரும் மாணாக்கன் புத்தகத்தை மூடிவிட்டுக் கைப்பேசியில் ஒரு ஜப்பானியச் சித்திரத் தொடரைக் காட்டினான். ‘கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ என்பது அதன் பெயர். 2002ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒன்பதாம் பிரிவு என்னும் பாதுகாப்புப் படையினர், மேஜர் குசனாகி என்னும் பெண்மணியின் தலைமையில், வியூகம் வகுத்துக் கணினிக் குற்றவாளிகளை மடக்கும் கதை.

மூலக்குரலை விடுத்து ஆங்கில டப்பிங்கிலேயே அவன் அதனைப் பார்க்கிறான். “அடியில் ஓடும் எழுத்தை வாசித்தால் சண்டை போய்விடுகிறது, சேர்” என்றான். நியாயந்தான். எவன் எந்தக் கதவருகில், எவன் எந்தக் கூரைமேல் என்று கண் தொடர வேண்டிய கதை அது.

ஆயினும், அவனைக் கவர்ந்தது அதுமட்டுமன்று. மேஜருக்கு ஆங்கிலக் குரல் தந்தவர் மேரி எலிசபெத் மெக்கிளின். அதட்டல் இல்லை, அவசரமும் இல்லை. நாலைந்து சொற்களில் ஆணை முடிகிறது. பாட்டோ என்னும் முரட்டு வீரன் அவரை ‘யூ’ என்கிறான். அவரும் அவனை ‘யூ’ என்கிறார். ஜப்பானிய மொழியில் தமிழைப் போலவே மரியாதைப் படிகள் உண்டு. இதனைத் தமிழில் பேசவைக்க முனைவோர் முதல் வரியிலேயே திகைப்பர். பாட்டோ ‘நீ’ என்றால் தலைமை குன்றும். ‘நீங்கள்’ என்றால் தோழமை குன்றும். (மேஜரை ‘அவள்’ என்பதா, ‘அவர்’ என்பதா என்று நானே இருமுறை பேனாவை நிறுத்தினேன்.) ஆங்கிலத்துக்கு இத்தொல்லை இல்லை.

நம் தோட்டங்களுக்கு ஆங்கிலம் வந்த விதம் வேறு. பெரட்டுக்களத்தில் துரையின் வாயிலிருந்து அது கட்டளையாக இறங்கியது. பெரட்டு என்ற சொல்லே ‘பரேட்’ என்பதன் திரிபு. பாட்டன் மறுமொழியின்றிக் கேட்டு நின்ற அந்தப் பாஷையிலே, எதிர்க்கேள்வி கேட்கும் வீரனையும், அதற்குச் சினவாது விடை கூறும் தலைவியையும் பேரன் இன்று கேட்கிறான்.

மூலத்தில் மேஜராகப் பேசிய தனாக்கா அட்சுகோ 2024இல் காலமானார். அவர் குரலை அவன் கேட்டதேயில்லை. ஒரு காட்சியை இரண்டு மொழியிலும் போடச் சொன்னேன். “இரண்டும் வேறு வேறு ஆள், சேர்” என்று சற்றுநேரம் பேசாதிருந்தான்.

வகுப்பில் ஆங்கிலத்துக்கு வாய் திறவாத பிள்ளை அவன். புறப்படும்போது வாசற்படியில் நின்று, மேஜரின் ஆணையொன்றை அதே நிதானத்தோடு எனக்குச் சொல்லிக் காட்டினான். உச்சரிப்பில் ஒரு பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.