சுத்தியலை ஓங்குவது யார்?

ஆயக்குடி என்றால் எல்லாருக்கும் கொய்யாப்பழம் நினைவுக்கு வரும். எனக்குச் சுத்தியல் சத்தம் நினைவுக்கு வருகிறது. சாலையோரத்துப் பட்டறையில் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டு, ஷாப்டை விட்டு வர மறுக்கும் பேரிங்கை ‘ணங், ணங்’ என்று அடிப்பார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அமர்ந்திருக்கும் கார் சொந்தக்காரர் முகத்தில் திருப்தி படரும். வேலை மும்முரமாக நடக்கிறதாம்!

பேரிங் வர மறுப்பது பிடிவாதம் அல்ல. ஷாப்டின் பருமனைவிட அதன் துவாரத்தை மயிரிழையினும் குறைவான அளவு சிறிதாகக் கடைந்து, தொழிற்சாலையிலேயே இறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். கழலாமல் இருப்பதே அதன் கடமை. கடமையைச் செய்கிறவனை அடிப்பது எந்த ஊர் நியாயம்?

வெளி வளையத்தில் விழும் அடி, நடுவிலுள்ள குண்டுகள் வழியாகத்தான் உள் வளையத்தை அடைகிறது. போகிற வழியில் குண்டுகள் வளையத்தில் குழி பதித்துவிடுகின்றன. உலோகத்தின் மேல் கெட்டியான குண்டை அழுத்தி, விழுந்த குழியை அளந்து கடினத்தைக் கணிக்கும் முறையை 1900-இல் ஸ்வீடன் நாட்டு பிரினெல் உலகுக்குக் காட்டினார். நம் பட்டறைகளில் அதே பரிசோதனை உங்கள் செலவில் நடக்கிறது.

“பழைய பேரிங்தானே, போனால் போகட்டும்” என்பீர்கள். போகட்டும். ஆனால் அடி வாங்கிய ஷாப்டும் கியரின் பல்லும் திரும்ப உள்ளே போக வேண்டியவை அல்லவா? புதுப் பேரிங்கை ஏற்றுவதும் அதே சுத்தியல்தானே? அம்பாஸிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பல் உடைந்த கியருக்கு மாற்றுத் தேடி எந்த ஊர்க் கடையில் ஏறி இறங்குவீர்கள்?

முறை ஒன்றும் மந்திரம் அல்ல. முதலில் சர்க்ளிப் என்னும் பூட்டு வளையம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். பிறகு உள் வளையத்தைப் பிடித்து இழுக்கும் புல்லரைப் போடலாம். இல்லையேல் பிரஸ்ஸில் வைத்து அழுத்தலாம். புதுப் பேரிங்கை ஏற்றும் முன் எண்ணெயில் பதமாகச் சூடாக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் துவாரம், 80 டிகிரி சூடு கூடினால், சுமார் 0.03 மில்லிமீட்டர் விரியும். அவ்வளவே போதும். தீநாக்கை நேராகக் கியரின்மேல் காட்டினால் மட்டும் பல்லின் கடினம் போய்விடும்.

இதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-இல் ஒரே பஸ்ஸை வைத்துக்கொண்டு ஜி.டி. நாயுடு தொழில் தொடங்கிய சீமை இது. இங்கே கைத்திறனுக்குப் பஞ்சமில்லை.

“பிரஸ்ஸுக்குக் கொண்டுபோகணுங்க. நாளைக்கு ஆகுமுங்க” என்கிறார் மெக்கானிக்.

“நாளைக்கா? நாலு தட்டுத் தட்டினால் வராதாப்பா? சாயங்காலம் வண்டி வேணுமே!” என்கிறார் முதலாளி.

இப்போது சொல்லுங்கள், சுத்தியலை ஓங்கியது யார்?

பிரஸ் கூலி என்று ஒரு வரி பில்லில் இருந்தால் அதை அடிக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற அதே கனவான்தான், மறுவாரம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகிறார். அங்கிருந்து பழனிக்குச் சுமார் 1,800 மீட்டர் இறக்கம். வளைவுக்கு வளைவு வண்டியைப் பிடித்து நிறுத்துவது இரண்டாம் கியர்தான். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும். பேரிங் தேய்ந்து ஷாப்ட் ஆட, அந்தக் கியர் தானாக நழுவினால்? அப்போது மலைச்சாலையில் பேரம் பேச யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆகையால், “எப்போது முடியும்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “எப்படிக் கழற்றப் போகிறாய்?” என்று கேளுங்கள். பிரஸ் கூலியை முணுமுணுக்காமல் கொடுங்கள். அந்த ஒரு நாள் பஸ்ஸில் போங்கள்.